மூளைக்கு முன்னால் உடல்

கணிப்பொறிக்குள் தானாக நடக்கிற ஓர் உயிரியைச் செய்து பார்க்க வேண்டும் என்று யாராவது ஆசையோடு வந்தால், பேச்சு நேராக மூளைக்குத்தான் போகிறது. எத்தனை நியூரான் வைக்கலாம், எப்படிக் கற்றுக்கொடுக்கலாம், எவ்வளவு நேரம் பயிற்சி ஓட்டலாம்... நான் திருப்பிக் கேட்பது வேறு. அதற்குக் கால் எத்தனை? தரையைத் தொடுகிற இடம் எது? எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது? "அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள். அப்புறம் பார்த்துக்கொள்ள முடியாது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. உடலுக்கு ஒரு வடிவம் கொடுத்த அந்த நிமிடமே அதன் நடையில் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. மிச்சம் மீதிதான் மூளைக்கு.

இதற்காக நான் பயன்படுத்துகிற மென்பொருளின் பெயர் பிரேம்ஸ்டிக்ஸ். போலந்தில் போஸ்னான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் மாச்சேய் கொமோசின்ஸ்கி, ஷிமோன் உலாடோவ்ஸ்கியுடன் சேர்ந்து 1996-இல் தொடங்கியது. பார்வைக்குப் பகட்டு எதுவும் இல்லை. ஒரு தளம், அதன்மேல் குச்சிகளால் ஆன உடல்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தளத்தில் ஈர்ப்பு உண்டு, உராய்வு உண்டு, வேண்டுமென்றால் தண்ணீரும் உண்டு. நாம் கட்டுகிற உடல் அத்தனைக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

உடலை அதில் எழுத்தால் எழுதலாம். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். எக்ஸ் என்ற எழுத்தைத் தட்டினால் ஒரு குச்சி. இரண்டு முறை தட்டினால் முனையோடு முனை ஒட்டிய இரண்டு குச்சிகள். அடைப்புக்குறி போட்டு உள்ளே காற்புள்ளியால் பிரித்தால் கிளைகள் முளைக்கும்: இரண்டு கிளை என்றால் ஒய் வடிவம், மூன்று என்றால் சிலுவை. காற்புள்ளிகளுக்கு நடுவே எதுவும் எழுதாமல் விட்டால் அந்தத் திசையில் கிளை வராது, இடம் மட்டும் காலியாக இருக்கும். இப்படி எழுதிக்கொண்டே போனால் எல்லாக் கிளைகளும் ஒரே தளத்தில் விரிந்து, நட்சத்திர மீன் மாதிரி தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். அதை எழுப்ப இன்னோர் எழுத்து இருக்கிறது, ஆர். கிளை விரிகிற தளத்தை அது 45 பாகை திருப்பும். இரண்டு போட்டால் 90. அந்த இரண்டு எழுத்தைச் சேர்த்ததும், தரையில் கிடந்த கிளைகள் கீழ்நோக்கி இறங்கிக் கால்களாகின்றன, நடுக்குச்சி தரையை விட்டு எழுந்து முதுகாகிறது. எழுத்தில் மிகச் சின்ன மாற்றம். உடலில் வந்தது படுத்திருந்ததற்கும் நிற்பதற்குமான வித்தியாசம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

அடுத்தது தசை. பிரேம்ஸ்டிக்ஸில் இரண்டு வகை: மூட்டை மடக்குகிற தசை, மூட்டைச் சுழற்றுகிற தசை. அதைத் தூண்ட ஒரு நியூரான். சீராக ஏறி இறங்குகிற அலையைத் தருகிற நியூரான் தயாராகவே இருப்பதால், முதல் பரிசோதனைக்கு அதை நேராகத் தசையில் மாட்டிவிட்டாலே போதும்.

ஆரம்பிக்கிறவர்கள் எல்லாரும் இந்த ஒரு சோதனையைச் செய்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். இரண்டே குச்சி, நடுவில் மடக்குகிற தசை ஒன்று. அலையை மெதுவாக ஓட்டுங்கள். உடல் கூடாரம் போல நடுவில் எழும்பும், மறுபடி படுக்கும். இடத்தை விட்டு நகராது. இரண்டு முனையும் ஒரே மாதிரி இருப்பதால், உள்ளே இழுக்கும்போது இரண்டும் சமமாக உள்ளே வருகின்றன, தள்ளும்போது சமமாக வெளியே போகின்றன. சரி, ஒரு முனைக்கு உராய்வைக் கூட்டிவிட்டால் நகர்ந்துவிடும் என்று தோன்றும். நகராது. உராய்வு அதிகமுள்ள முனை இழுக்கும்போதும் அங்கேயே நிற்கிறது, தள்ளும்போதும் அங்கேயே நிற்கிறது. மற்ற முனைதான் வந்து வந்து போகிறது. கணக்கில் மிஞ்சுவது பூஜ்யம்.

நகர வேண்டுமென்றால் பிடி மாற வேண்டும். இழுக்கும்போது முன்முனை தரையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், தள்ளும்போது பின்முனை. மண்புழு இதைத்தான் செய்கிறது. அதன் உடல் வளையங்களில் நுண்ணிய முட்கள் உள்ளன. வளையம் குறுகிப் பருக்கும்போது முட்கள் வெளியே நீண்டு மண்ணைப் பற்றுகின்றன. நீளும்போது உள்ளே போய்விடுகின்றன. எந்த இடம் நங்கூரம், எந்த இடம் பயணி என்பது உடல் நெடுக மாறிக்கொண்டே போகிறது. குச்சி உடலில் முள் வைக்க முடியாது. மூன்றாவதாக ஒரு குச்சியைச் சேர்த்து, இன்னொரு தசையை மாட்டி, அதன் அலையைக் கொஞ்சம் தாமதமாக ஓடவிட்டால், எடை ஒரு சுற்றில் முன்னேயும் பின்னேயும் சாய்கிறது. எடை சாய்ந்த பக்கத்தில் பிடி கூடுகிறது. உடல் ஊர ஆரம்பிக்கிறது. மூன்று குச்சி, இரண்டு தசை. இதில் மூளை என்று சொல்ல எதுவுமே இல்லை. ஆனால் அலைகளுக்கு நடுவே இருக்கிற அந்தத் தாமதத்துக்கு அர்த்தம் கிடைப்பது மூன்றாவது குச்சி இருப்பதால்தான். முதல் உடலுக்கு எவ்வளவு பெரிய மூளையைக் கொடுத்தாலும், மெதுவாக மடங்கி விரிவதை வைத்துக்கொண்டு அது எங்கேயும் போயிருக்க முடியாது.

கால் வந்துவிட்டால் கேள்விகள் வேறு. விழாமல் நிற்பதற்குக் கணக்கு எளிது: தரையில் ஊன்றிய பாதங்களைக் கோட்டால் இணைத்தால் வருகிற பரப்புக்கு மேலே உடலின் எடைமையம் இருக்க வேண்டும். பரப்பு உண்டாகக் குறைந்தது மூன்று பாதம் வேண்டும். அதனால் நாலுகால் உயிரி ஒன்று எந்தக் கணமும் விழாத நிலையிலேயே நடக்க விரும்பினால், ஒரு நேரத்தில் ஒரு காலைத்தான் தூக்கலாம். தூக்குவதற்கு முன்னால் எடையை மற்ற மூன்றின் பக்கம் நகர்த்தியும் ஆக வேண்டும். ஆறுகால் பூச்சிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஒரு பக்கத்தின் முன்காலும் பின்காலும் மறுபக்கத்தின் நடுக்காலும் சேர்ந்து ஒரு முக்காலி. மற்ற மூன்றும் இன்னொரு முக்காலி. இதை ஊன்றி அதைத் தூக்கு, அதை ஊன்றி இதைத் தூக்கு. கரப்பான்பூச்சி ஓடுவது இப்படித்தான். முதன்முதலாகக் கால் வைக்கிறவர்களுக்கு நான் ஆறுகாலைத்தான் சொல்வேன். பார்க்கச் சிக்கலாகத் தெரிந்தாலும் மூளைக்கு அது நாலுகாலை விட லேசான உடல்.

காலை எவ்வளவு அகட்டி வைப்பது என்பது இன்னொன்று. பல்லி மாதிரி பக்கவாட்டில் விரித்தால் பரப்பு பெரிதாகும், கவிழாது. ஆனால் உடலைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்கவே தசை தன் வலுவில் பெரும்பங்கைச் செலவழிக்கும். யானை மாதிரி நேர் கீழே தூணாக வைத்தால் எடையைக் குச்சியே தாங்கும், தசைக்கு ஓய்வு. ஆனால் பக்கத்திலிருந்து ஒரு தள்ளல் வந்தால் சாயும். இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்று உட்கார்ந்து யோசித்து முடிவெடுப்பதை விட, கோணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி ஓட்டிப் பார்ப்பது நல்லது. திரையில் உடல் தள்ளாடுகிற விதமே நிறையச் சொல்லும்.

காலின் நீளத்தை நான் எப்போதும் அலையின் வேகத்தோடு சேர்த்தே பார்ப்பேன். இடுப்பிலிருந்து தொங்குகிற கால் ஒரு ஊசல். ஊசலின் நீளத்தை நாலு மடங்காக்கினால் ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரம் இரு மடங்காகும். ஆக, காலுக்கென்று இயல்பான ஒரு தாளம் இருக்கிறது. நியூரான் அனுப்புகிற அலை அந்தத் தாளத்தை ஒட்டி இருந்தால் சின்னத் தசையே காலை வீசிவிடும். ஒட்டாமல் போனால் தசை முழுநேரமும் காலோடு மல்லுக்கட்டும். நெட்டைக் காலை வைத்துவிட்டுக் குட்டைக் காலின் வேகத்தைக் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு அந்த உயிரியின் மேல் உண்மையாகவே பரிதாபம் வரும்.

பெரிதாக்குவதிலும் இதே மாதிரி ஒரு கண்டிப்பு இருக்கிறது. கலிலியோ 1638-இல் வெளிவந்த தன் கடைசி நூலில் ஒரு சின்ன எலும்பையும் ஒரு பெரிய எலும்பையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டியிருப்பார். பெரியது நீளத்தை விடப் பல மடங்கு தடித்து, பார்க்கவே விகாரமாக இருக்கும். காரணம், உடலை எல்லாப் பக்கமும் இரு மடங்காக்கினால் எடை எட்டு மடங்காகிறது. எலும்பின், தசையின் குறுக்குப் பரப்பு நாலு மடங்குதான் ஆகிறது. எறும்பை அப்படியே யானை அளவுக்குப் பெரிதாக்கினால் அது நிற்கவே நிற்காது.

இந்த விதியைத் தன் மென்பொருளுக்குள் அக்கறையாகக் கொண்டுவந்தவர் கார்ல் சிம்ஸ். 1994-இல் அவர் வெளியிட்ட மெய்நிகர் உயிரிகளின் காணொளியைப் பார்க்காதவர்கள் தயவுசெய்து தேடிப் பாருங்கள். செவ்வகப் பெட்டிகளால் ஆன உடல்கள் நீந்துகின்றன, நடக்கின்றன, குதிக்கின்றன, வெளிச்சத்தைத் தேடிப் போகின்றன, நடுவில் வைத்த ஒரு கட்டைக்காக ஒன்றோடொன்று மோதுகின்றன. எந்த உடலையும் சிம்ஸ் கையால் வரையவில்லை. உடலும் மூளையும் சேர்ந்தே பரிணமித்தன. மூட்டின் வலுவுக்கு அவர் வைத்த உச்சவரம்பு, அந்த மூட்டு இணைக்கிற பாகங்களின் குறுக்குப் பரப்புக்கு ஏற்றபடி இருந்தது. அதனால் பெரிய உடல் வேண்டும் என்றால் அதற்கான விலையை அந்த உயிரி கொடுத்தே ஆக வேண்டும். 300 உயிரிகள், 100 தலைமுறைகள் என்று ஓட்டினால், 32 செயலிகள் கொண்ட சிஎம்-5 என்ற அன்றைய பெருங்கணினியில் சுமார் 3 மணி நேரம் ஆனது.

அவர் உடலை எழுதிய விதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு பாகம் எப்படி இருக்கும், அதன்மேல் எந்தப் பாகம் எந்தக் கோணத்தில் ஒட்டும் என்று கணுக்களும் அம்புகளுமாக ஒரு வரைபடம். ஒரு கணுவிலிருந்து அதே கணுவுக்கே அம்பு திரும்பி வரலாம். அப்படி வந்தால் அந்தப் பாகம் தன்மேல் தானே திரும்பத் திரும்ப முளைத்து ஒரு முதுகெலும்பாகவோ வாலாகவோ நீளும். ஒரே காலின் விவரத்தை இரண்டு அம்புகள் சுட்டினால் இடக்கால், வலக்கால். ஆகவே ஒரு சின்னத் திடீர்மாற்றம் ஒரு காலை மட்டும் கெடுக்காமல் எல்லாக் கால்களையும் சேர்த்து நீட்டுகிறது. எழுதும் முறைக்கு இவ்வளவு பலம் இருக்கிறதா என்று பிரேம்ஸ்டிக்ஸிலும் சோதித்தார்கள். கொமோசின்ஸ்கியும் ஆதாம் ரொட்டாரு-வர்காவும் 2001-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், ஒவ்வொரு குச்சியையும் தனித்தனியாகப் பட்டியலிடுகிற நேரடிக் குறியீடு, நான் மேலே சொன்ன எழுத்துக் குறியீட்டை விடவும், செல் பிரிவது போல வளர்கிற இன்னொரு குறியீட்டை விடவும் பின்தங்கியே இருந்தது. உடலை எந்த மொழியில் எழுதுகிறோம் என்பதும் உடல் வடிவமைப்பின் ஒரு பகுதிதான்.

சிம்ஸ் சொல்லியிருக்கிற இன்னொரு விஷயம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தரையில் வேகமாக நகர்வதற்கு மதிப்பெண் கொடுத்தால், உயரமாக வளர்ந்து அப்படியே சாய்ந்து விழுந்து வேகம் காட்டுகிற உடல்கள் வரக்கூடும். அதைத் தடுக்க, தசைகளை அணைத்து, தரையின் உராய்வையும் நீக்கி, எடைமையம் இதற்குமேல் இறங்காது என்கிற நிலைக்கு உடலை விழவிட்டு, அதற்குப் பிறகே அவர் சோதனையை ஆரம்பித்தார். இயற்பியல் கணக்கில் சின்ன ஓட்டை இருந்தாலும் உயிரிகள் அதைக் கண்டுபிடித்துப் பயன்படுத்திக்கொள்ளும் என்றும் எச்சரித்தார். இதைப் பலர் ஏமாற்று வேலை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த உடல் தனக்குக் கிடைத்த உலகத்தில் இருந்ததைத்தான் பயன்படுத்தியது. உண்மையான உலகத்திலும் உடல்கள் இதைத்தான் செய்கின்றன: நாம் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் முன்னால் விழுந்து, விழுவதைக் காலால் பிடிக்கிறோம்.

தஞ்சாவூரில் வாங்குகிற பொம்மையை எத்தனை முறை சாய்த்தாலும் எழுந்து உட்காருமே, அதன் அடிப்பாகத்தின் வளைவிலும் கனத்திலும்தான் அந்தப் பிடிவாதம் இருக்கிறது. உணர்வதற்கு அதனுள் ஒன்றும் கிடையாது. நடையையே இப்படி உடலில் எழுதிவிட முடியுமா? கனடாவில் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் இருந்த டாட் மெக்கீர் 1990-இல் முடியும் என்று காட்டினார். மோட்டார் இல்லை, கணினி இல்லை, உணரி இல்லை. லேசான சரிவில் விட்டால் அவருடைய கால் பொறி தானாக நடந்து இறங்கியது. காலின் நீளம், எடை எங்கே இருக்கிறது, பாதத்தின் வளைவு, இந்த மூன்றும் சரியாக அமைந்திருந்தன. ஈர்ப்பு மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. 2006-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் இதையும் தாண்டினார்கள். ஓடுகிற நீரில் ஒரு தடுப்பை வைத்து, அதன் பின்னால் உண்டாகும் சுழல்களுக்கு நடுவே செத்துப்போன ஒரு டிரவுட் மீனை விட்டார்கள். அந்த உடல் சுழல்களோடு சேர்ந்து நெளிந்து, நீரோட்டத்தை எதிர்த்து முன்னால் போனது. உயிர் இல்லாத மீன் நீந்துகிறது! மூளை எவ்வளவு செய்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோமோ, அதில் ஒரு பெரிய பங்கை முதுகெலும்பின் நெகிழ்வும் உடலின் வடிவமும் செய்துகொண்டிருந்தன.

ஜாஷ் பாங்கார்டு 2011-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. ஒளியை நோக்கிப் போக வேண்டிய ரோபோக்களை அவர் சிமுலேஷனில் வைத்தார். சிலவற்றுக்கு முதலிலிருந்தே நிமிர்ந்த கால்கள். மற்றவை பாம்பு போலக் காலில்லாமல் தொடங்கி, தங்கள் வாழ்நாளுக்குள்ளேயே மெல்லக் கால் வளர்ந்து எழுந்தன. வளர்ந்த உடல்கள்தான் சீக்கிரம் வழி கண்டுபிடித்தன. தள்ளிவிட்டாலும் அதிகம் தடுமாறாமல் நடந்தன. உடல் ஒரே நிலையில் உறைந்திருக்க வேண்டும் என்று நாம் ஏன் எடுத்துக்கொள்கிறோம் என்று இதைப் படித்த பிறகு நிறைய யோசித்தேன்.

குச்சியும் பெட்டியும் மட்டும்தான் உடலா என்றால், இல்லை. 2013-இல் நிக் செனியும் கூட்டாளிகளும் சின்னச் சின்னக் கனசதுரங்களை அடுக்கி மென்மையான உடல்களைப் பரிணமிக்க வைத்தார்கள். நாலு வகைப் பொருள்: எலும்பு போலக் கெட்டியானது ஒன்று, மெத்தென்று சும்மா இருப்பது ஒன்று, மாறி மாறிச் சுருங்கி விரிகிற தசை வகை இரண்டு. மூளையே இல்லை. எந்த இடத்தில் எந்தப் பொருள் என்பது மட்டுமே நடையைத் தீர்மானித்தது.

இதே வழியில் போனதுதான் 2020-இல் செய்திகளில் வந்த ஸீனோபாட். வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் சாம் கிரீக்மனும் பாங்கார்டும் கணினியில் உடல்களைப் பரிணமிக்க வைத்தார்கள். கட்டைகள் இரண்டே வகை: சும்மா இருக்கிற தோல் செல், துடிக்கிற இதயத்தசைச் செல். தேறிய வடிவங்களை டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் பிளாக்கிஸ்டன், ஆப்பிரிக்க நகத்தவளையின் கருச்செல்களை நுண்ணோக்கியின் கீழ் நுண்ணிய இடுக்கியால் செதுக்கிச் செய்தார். மைக்கேல் லெவினின் ஆய்வுக்கூடம் அது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அந்தச் சதைத் துணுக்கு, தன் கருவில் இருந்த சத்தை வைத்துக்கொண்டு சில நாட்கள் நீரடியில் நகர்ந்தது. நரம்பு ஒன்றுகூட இல்லை. வண்டைக் கவிழ்த்துப் போட்டது போல அதைத் தலைகீழாகப் புரட்டியபோது நகர முடியவில்லை. இந்தக் கடைசி விவரம்தான் எனக்குப் பெரிய ஆதாரம். செல்கள் அதே செல்கள், துடிப்பும் அதே துடிப்பு. தரையைத் தொடுகிற பக்கம் மாறியதும் நடை போய்விட்டது. அப்படியென்றால் அந்த நடை வடிவத்தில்தானே இருந்தது?

இதையெல்லாம் வைத்துக்கொண்டு நான் வெற்றுத் தளத்தின் முன்னால் உட்காரும்போது முதலில் முடிவு செய்வது, இது எங்கே வாழப்போகிறது என்பதை. தண்ணீரில் என்றால் எடையைப் பற்றிய பயம் போய்விடும், நீண்ட மெல்லிய உடல் வைக்கலாம், ஆனால் தள்ளுவதற்கு அகலமான பரப்பு வேண்டும். தரை என்றால் பாதத்திலிருந்து ஆரம்பித்து மேலே போவேன். பரிணாமத்தை உடனே ஓடவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கையால் ஓர் உடலைக் கட்டி, அது எதனால் சாய்கிறது, எங்கே இழுபடுகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு ஓடவிட்டால், அது கொண்டுவருகிற வடிவங்களை நம்மால் படிக்க முடியும். அதற்கு முன்னால் ஓடவிட்டால் வேகமாகப் போகிற ஏதோ ஒன்று கிடைக்கும். ஏன் போகிறது என்று தெரியாது.

இப்போது என் திரையில் இருப்பது வால் வைத்த ஒரு நாலுகால். பின்னால் கனம் சேர்ந்தால் எடைமையம் பின்னுக்குப் போகும், முன்கால் லேசாகும், அதைத் தூக்குவது சுலபமாகும் என்பது முதல் கணக்கு. இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2012-இல் பெர்க்லியில் தாமஸ் லிபியும் ராபர்ட் ஃபுல்லும் உள்ளிட்ட குழு, அகாமா ஓணான்கள் வழுக்கும் பரப்பிலிருந்து தாவும்போது வாலை மேல்நோக்கி வீசி, மூக்கு கீழே கவிழாமல் உடலை நிமிர்த்திக்கொள்வதைக் காட்டியது. வாலின் அசைவு உடலின் சுழற்சியை ஈடுகட்டுகிறது. என் நாலுகாலுக்கு வாலின் நீளம் எவ்வளவு, நுனியில் கனம் எவ்வளவு, அடியில் மடக்குகிற மூட்டா சுழல்கிற மூட்டா என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். வாலுக்கு இன்னும் தசை கொடுக்கவில்லை. சும்மா தொங்குகிற வாலோடு அது எப்படி நடக்கிறது என்று முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன்.